ஆறாம் லேன் காலியாக இருக்கிறது

கொட்டாஞ்சேனை,
ஜனவரி 25

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய அண்ணா,

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறார். விசாரிக்கிறேன். நீ அந்த மலைக்குளிரில் போர்வைக்குள் சுகமாக இருப்பாய். நாங்கள் ஜனவரியிலேயே இடியப்பம் மாதிரி அவிந்து சுகமாக இருக்கிறோம். விசாரணை முடிந்தது.

உன் ஃபோனை ரெக்டர் ஃபாதர் அலுமாரியில் வைத்துப் பூட்டியதால் தண்டனை எனக்குத்தான். முழு வசனமாகத் தமிழ் எழுத வேண்டியிருக்கிறது. ஃபாதராகப் படிக்க நீ சேர்ந்தது குருமடம். நான் சேர்ந்திருந்தால் ஒரே கிழமையில் அது குறும்பு மடம் ஆகியிருக்கும். கர்த்தர் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

செய்தி இதுதான். நீச்சல் போட்டிக்கு உன் இடத்தில் என்னை இருத்திவிட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை, வெள்ளவத்தைக் கிளப் குளத்தில், அவர்களுடைய பிள்ளைகளோடு எங்கள் கோயில் பிள்ளைகள் மோதும்போது விசில் ஊதப்போவது நான். அப்பா வழமைபோலச் செயலாளர். வீட்டிலும் எனக்கு அவர்தான் மேலதிகாரி, வெளியிலும் அவர்தான். தப்ப வழியில்லை.

ஆனால் போன வருடம் மாதிரி நடந்தால் இனிக் குளம் தரமாட்டோம் என்று கிளப்காரர் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே? சத்தியநாராயணன் அங்கிள் புறக்கோட்டைப் புடவைக்கடையில் புத்தாண்டு வியாபாரத்தை விட்டுவிட்டு வரும்போது நேரம் பதினொன்றரை. அவர் வந்து விளக்கேற்றும் வரைக்கும் அத்தனை பிள்ளைகளும் நீச்சல் உடையோடு சுடுசீமெந்தில் அணிவகுத்து நின்றார்கள். அவர் பிரதம விருந்தினர் இல்லை, தாமத விருந்தினர். அன்றைக்கு நடந்ததும் நீச்சல் போட்டி இல்லை, நிற்றல் போட்டி. அதில் முதலாவதாக விழுந்தது எங்கள் குட்டித் தங்கச்சி ஐறீன். ஆஸ்பத்திரியில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நீ. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஐறீன் சுகம். எட்டு வயதுக்குரிய எல்லாத் தொல்லையும் குறைவில்லாமல் தருகிறாள்.

இப்படிக்கு,
உன் இரண்டு தங்கச்சிகளில் அழகானவள்,
ரொஷேல்

பி.கு: உறையில் முகவரியைப் பார்த்தாயா?


குருமடம்,
பெப்ரவரி 7

அன்புள்ள ரொஷேல்,

இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். உன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரிந்தால் அதையும் செய்யட்டும்.

பார்த்தேன். நான் மட்டுமா பார்த்தேன்? "மேதகு ஆயர் கிளின்ரன் ஆண்டகை அவர்கள்" என்று நீ எழுதிய உறையை ரெக்டர் ஃபாதர் இராச்சாப்பாட்டு நேரம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இப்போது இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோப்பை கழுவப் போனால், "ஆண்டகையே, முதலில் ஆசீர்வதியுங்கள்" என்கிறார்கள். நான் இங்கே வந்து சேர்ந்தே ஆறு மாதம்தான் ஆகிறது. பிஷப் ஆக இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

நான் நல்ல சுகம். குளிரில் உதடு வெடிக்கிறது, அவ்வளவுதான். அம்மாவின் கால் வீக்கம் எப்படி?

போட்டியைப் பற்றி: குளத்தைச் சுற்றியுள்ள சீமெந்து எட்டு மணிக்கே சுடத் தொடங்கிவிடும். சாக்குகளை நனைத்து விரி. முகத்துவாரத்துப் பிள்ளைகளின் அப்பாமாரிடம் கேட்டால் மீன்பெட்டி ஐஸ் தருவார்கள். தலையில் துவாய் நனைத்துப் போடலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தாகம் வருமுன்னரே தண்ணீர் கொடு.

ஐறீன் இப்போது இருபத்தைந்து மீற்றரை எத்தனை செக்கனில் நீந்துகிறாள்? போன வருடப் பயிற்சியில் முழங்கை மடக்காமல் கையை வீசினாள். அதைத் திருத்தினாயா?

அப்பா என்னைப் பற்றி ஏதாவது... வேண்டாம், அதை விடு.

அன்புடன்,
கிளின்ரன்


கொட்டாஞ்சேனை,
பெப்ரவரி 14

மேதகு ஆண்டகையே,

பாதம் பணிகிறேன். அம்மாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. வாய் வீங்கும் அளவுக்கு என்னைத் திட்டுவதால் மேலுக்கு ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

வெயில் எப்படி என்று கேட்காதே. நவம்பரில் முகத்துவாரத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. இப்போது குழாய்க்குள்ளேயே வருவதில்லை. வெளியே விளையாட விட வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சுற்றறிக்கை வாசித்தார்கள். அதை எங்களை மைதானத்தில் நிற்கவைத்துத்தான் வாசித்தார்கள்.

நேற்று முதல் கூட்டம். வெள்ளவத்தைப் பக்கத்துத் தலைவி விஷ்ணுப்பிரியா வந்திருந்தாள். தாமத விருந்தினரின் தம்பி மகள் என்றாலும் மனிதப் பிறவிதான். போட்டியை விடிய ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏற முன் முடிப்போம் என்று அவளும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு மணிக்கு எந்தப் பிரதம விருந்தினர் வருவார்?"

"வராட்டி என்னப்பா? நீந்தப்போறது அவரில்லையே!"

"ரொஷேல், முறை எண்டு ஒண்டு இருக்கு. அணிவகுப்பு, கீதம், விளக்கு, உரை. அதுக்குப் பிறகுதான் முதல் விசில். ஒரு பெரிய மனுசனைக் கூப்பிட்டுட்டு அவர் வர முன்னம் துவங்கினா அது என்ன மரியாதை?"

அவர் வேலை செய்யும் துறைமுகத்தில் கப்பல் பிந்தினால் மற்றக் கப்பலை உள்ளே விடமாட்டார்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டேன். அதனால்தான் அம்மா என்னைத் திட்டினார்.

ஐஸ் யோசனை அருமை. சாக்கு யோசனையும் அருமை. மாளிகாவத்தை ஷிப்லி ஞாபகமா? பட்டர்ஃப்ளை நீந்துவானே, அவன்தான் நேரம் எடுக்கப்போகிறான். குளத்தில் காலை விட்டுப் பார்த்துவிட்டு, "குளமா இது? பிளேன்டீ மாதிரிச் சூடா ஈக்கி, சீனி மட்டும்தான் குறை" என்றான்.

வேறு விசேஷம் இல்லை. எல்லோரும் நலம்.

ரொஷேல்


குருமடம்,
பெப்ரவரி 17

அன்புள்ள ரொஷேல்,

அவசரமாக எழுதுகிறேன். நாளை திருநீற்றுப் புதன். தவக்காலம் முடியும் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் எழுதவும் அனுமதியில்லை, வாசிக்கவும் அனுமதியில்லை. வருகிறதையெல்லாம் ரெக்டர் ஃபாதர் சேர்த்து வைத்து உயிர்ப்பு ஞாயிறன்று தருவார். நீ எழுதாமல் இருந்துவிடாதே.

சாக்கைப் பற்றி எழுதினாய். ஐஸைப் பற்றி எழுதினாய். ஷிப்லியின் பிளேன்டீயைப் பற்றியும் எழுதினாய். நான் ஐறீனைப் பற்றித்தான் கேட்டேன்.

உன் சுகத்துக்கும் எல்லோருடைய சுகத்துக்கும் செபிக்கிறேன்.

கிளின்ரன்


கொட்டாஞ்சேனை,
மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

நீ இதை இப்போது வாசிக்கமாட்டாய், பதிலும் எழுதமாட்டாய். கிணற்றுக்குள் கல்லைப் போடுகிற மாதிரி இருக்கிறது. நான் சுகம் என்று எழுதினாலும் அது உனக்குக் கிடைக்கிற நேரம் நான் சுகமாக இருப்பேனா தெரியாது. ஆனபடியால் இந்த முறை உண்மையை எழுதுகிறேன்.

ஐறீன் நீந்துவதில்லை. போன வருடம் விழுந்த நாளிலிருந்து ஒரு தரமும் குளத்துக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் வயிற்றுவலி என்பாள். இன்னும் கூப்பிட்டால் வாந்தியே எடுப்பாள். நீ வாங்கிக் கொடுத்த மஞ்சள் தொப்பியை அலுமாரியில் படுக்கை விரிப்புகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாள். நீ வீட்டில் இருந்த நாளெல்லாம் தடிமன், காதுவலி என்று சாட்டுச் சொல்லி உன்னிடமும் மறைத்தாள். நாங்களும் மறைத்தோம். தெரிந்தால் நீ குருமடத்துக்கே போகமாட்டாய் என்று அம்மா பயந்தார்.

தண்ணீருக்குப் பயந்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு மைக்கில் "இன்னும் ஐந்து நிமிடம், பிள்ளைகள்... இன்னும் ஐந்து நிமிடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அப்பா. நீ முதலுதவிப் பெட்டி தேடிப் போயிருந்தாய். அவள் சரிந்தபோதும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் கண்ணில் பட்டு அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் மைக்கைத் தொடுவதில்லை. கோயில் திருவிழாவில்கூட அறிவித்தல் வாசிக்க ஆள் பிடித்தார். யாரும் காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மீன்குழம்பைப் பற்றி மட்டும்தான் மனம்விட்டுக் கதைப்போம்.

பயிற்சி நடக்கிறது. ஷிப்லிக்கு நோன்பு. தண்ணீரில் இறங்காமல் கரையில் இருந்து எங்களுக்கு நேரம் எடுக்கிறான். வாய்க்குள் தண்ணீர் போனால் கணக்கு மாறிவிடுமாம். நோன்பு உனக்கு, நெருப்பு எங்களுக்கு என்றேன். "நீங்க வாயால எரிக்கிறது போதும்" என்றான்.

இந்தப் போட்டி நின்றால் ஐறீனுக்கு நடந்தது மட்டும்தான் எல்லோருக்கும் மிஞ்சும். அதனால் நடத்தியே தீருவேன். அதில் ஒரு பிள்ளையும் விழக்கூடாது.

ரொஷேல்


கொட்டாஞ்சேனை,
மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு என்னையும் காப்பாராக.

வழி கண்டுபிடித்துவிட்டோம். அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பு விஷ்ணுப்பிரியாவுக்கும் எனக்கும். இரண்டு விதமாக அடித்திருக்கிறோம். எல்லோருக்கும் போகிற கார்ட்டில் போட்டி காலை ஆறு மணிக்கு. சத்தியநாராயணன் அங்கிளுக்குப் போகிற ஒரேயொரு கார்ட்டில் ஒன்பது மணிக்கு. ஒன்பது என்றால் அவர் பத்தரைக்கு வருவார். அதற்குள் எல்லாப் போட்டியும் முடிந்து, பிள்ளைகள் உடுப்பு மாற்றி, கிளப் மண்டபத்தில் ஃபேனுக்குக் கீழே ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் விளக்கேற்றி, "போட்டியை ஆரம்பித்து வைக்கிறேன்" என்று சொல்லட்டும். நாங்கள் கைதட்டிப் பரிசையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

விஷ்ணுப்பிரியா சிரித்த சிரிப்பில் அச்சகத்துக்காரர் பயந்துபோனார்.

வரிசையையும் ஒழித்தாயிற்று. நிழலுக்குக் கட்டும் தறப்பாளுக்குக் கீழே எல்லோரும் இருப்பார்கள். நான் பெயர் கூப்பிட்டால் அந்த ஆறு பேர் மட்டும் எழும்பி, நனைத்த சாக்கில் நடந்து நேரே லேனுக்குப் போவார்கள். யாரும் எங்கேயும் நிற்பதில்லை.

ஒரு சின்னச் செய்தி. பெருநாளுக்கு ஷிப்லி வட்டிலப்பம் கொண்டு வந்தான். "சாக்கு நனைக்க ஆளில்ல, எட்டு வயசில ஆராவது இருந்தா சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ஐறீன் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டே, "பூவாளி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றான். "தண்ணிக்குள்ள இறங்கத் தேவையில்லைதானே?" தேவையில்லை என்றான். இப்போது பயிற்சிக்கு வருகிறாள். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். பதவி: சாக்கு மகாராணி. உனக்குப் போட்டியாக இன்னொரு அண்ணாவும் கிடைத்திருக்கிறான், ஷிப்லி நானா.

நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோர் போட்டியில் ஆறாம் லேனில் அவளுடைய பெயரை எழுதிவிட்டேன். அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. காலியாக இருந்தால் இருக்கட்டும்.

ரொஷேல்


கொட்டாஞ்சேனை,
ஏப்ரல் 1

அண்ணா,

திகதியைப் பார்த்து ஏமாற்று என்று நினைக்காதே. இன்றைக்கு ஏமாந்தது நான்தான். சுகம் விசாரிக்கும் நிலைமையில் இல்லை.

அப்பா கார்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் எதையும் எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் வெளியே விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எது உண்மையான நேரம்?"

"ரெண்டும் உண்மைதான் அப்பா. ஒண்டு எங்கட நேரம், மற்றது அங்கிள்ட நேரம்."

சிரிக்கவில்லை.

"ஒரு மனுசனைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரியாமலே அவரைக் கோமாளியாக்குறதா? இதுதான் நீ படிச்ச மரியாதையா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "போன வருஷம் நீங்க அவருக்கு மரியாதை குடுத்தீங்க. பிள்ளைகளுக்கு ஆர் குடுத்தது?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணா, நான் கேட்டிருக்கக்கூடாது. குசினியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. ஐறீன் கதவடியில் நின்றாள். அப்பா இரண்டு கார்ட்டையும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது, "சத்தியநாராயணனுக்குக் கார்ட்டை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்று மட்டும் சொன்னார். மற்றவர்களுக்குப் போகிற ஆறு மணிக் கார்ட்டுகளை நிற்பாட்டவும் இல்லை, அவருக்கு எந்தக் கார்ட் என்று சொல்லவும் இல்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது இதுதான் முதல் தரம். உன் நாட்குறிப்பில் எழுதி வை.

எங்களுக்காகச் செபி. நீ அங்கே போனதற்கு அந்தப் பிரயோசனமாவது இருக்கட்டும்.

ரொஷேல்


குருமடம்,
ஏப்ரல் 6

என் அன்புத் தங்கச்சி,

உயிர்ப்பின் மகிழ்ச்சி உனக்கும் வீட்டில் எல்லோருக்கும். மூன்று கடிதத்தையும் நேற்றுப் பின்னேரம் ஒன்றாக வாசித்தேன். முதலாவதை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் மறைத்ததற்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அம்மா பயந்தது சரிதான். நான் போயிருக்கமாட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கார்ட்டைக் கிழிக்கவில்லை, சட்டைப்பையில் வைத்தார் என்றாய். குருமடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வதாக வந்த கடிதத்தையும் அவர் அப்படித்தான் சட்டைப்பையில் வைத்தார். துறைமுகத்தில் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவர். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் வெளிக்கிட்ட விடியற்காலையில், கோட்டை பஸ் நிலையத்தில், எனக்கு முன்னரே வந்து நின்றார். பெட்டியைத் தூக்கி ஏற்றினார். பஸ் எடுக்கும் வரைக்கும் நின்றார். ஒரு சொல்லும் இல்லை. இன்று வரைக்கும் ஒரு வரியும் இல்லை. ஆனால் நின்றார்.

ஐறீனைக் கட்டாயப்படுத்தாதே. சனிக்கிழமைக்கு முன் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று தபால்காரருக்காகவும் செபித்திருக்கிறேன்.

கிளின்ரன்


கொட்டாஞ்சேனை,
ஏப்ரல் 12

அன்பின் அண்ணா,

நான் சுகம், அம்மா சுகம், எல்லோரும் சுகம், ஒரு பிள்ளையும் விழவில்லை. தொண்டை மட்டும் இல்லை. நேற்று அதை வெள்ளவத்தையில் விட்டுவிட்டு வந்தேன். உன் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரருக்கும் தவக்காலமாக்கும்.

நேற்று விடிய எழும்பிப் பார்த்தால் அப்பாவின் கட்டில் காலி. "எங்க எண்டு சொல்லேல்ல, விளக்கையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போயிட்டார்" என்றார் அம்மா. போட்டியை நிற்பாட்டப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளையும் ஐஸ் பெட்டிகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். முகத்துவாரத்து ஐஸில் நனைத்த துவாயெல்லாம் சூடைமீன் வாசம். வெள்ளவத்தைப் பிள்ளைகள் முதலில் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு தலையில் போட்டுக்கொண்டார்கள்.

வானம் வெளுக்கிறது. எல்லாம் தயார். செயலாளரைக் காணவில்லை, விளக்கைக் காணவில்லை. செயலாளர் இல்லாமல் தொடங்க விடமாட்டோம் என்று கிளப்காரர் சொன்னார்கள். விஷ்ணுப்பிரியா ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ரொஷேல், பெரியப்பா வீட்ல இல்லையாம்!"

அந்த நேரம் வாசலில் ஒரு த்ரீவீலர். கிளப் வாட்ச்சர் அங்கிருந்தே சிங்களத்தில் கத்தினான்: "நங்கி, லொக்கு மஹத்தயா அவில்லா!" தங்கச்சி, பெரிய ஐயா வந்துவிட்டாராம். இறங்கினார் தாமத விருந்தினர். வீட்டு வேட்டி, தோளில் துவாய், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வழித்திருக்கிறார். மற்றப் பக்கத்தில் சோப்பு நுரை. அவருக்குப் பின்னால் விளக்கைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அப்பா.

அங்கிள் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்கப்பா ஒண்ணுமே கேக்கலம்மா. பேப்பர் எடுக்கலாம்னு கதவத் திறந்தா, இருட்டுல வாசல்ல நின்னுக்கிட்டு இருக்காரு. உள்ள வந்து உட்காருங்கன்னேன். உட்காரல. 'போன வருசம் பிள்ளைங்க நின்னாங்க, நான் நிக்கிறேன், நீங்க ஆறுதலா வெளிக்கிடுங்க'ன்னாரு. ஒரு மனுசன் அப்படி நின்னா, எப்படிம்மா நான் மத்தப் பக்கத்த வழிக்கிறது?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் இருந்து கார்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்பது மணிக் கார்ட். ஆறு மணிக் கார்ட்டைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

விளக்கேற்ற ஒரு நிமிடம். உரை இன்னும் குறைவு. "எல்லாரும் நல்லா நீந்துங்க. ஊதும்மா விசில!" அணிவகுப்பு இல்லை. அப்பாவே அதை வெட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு போட்டி ஓடியது பார், தண்ணீருக்கே மூச்சு வாங்கியது. வெயில் மாடிவீடுகளுக்கு மேலே தலை காட்டும்போது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஐறீன் பூவாளியோடு சாக்குகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பெயர்களைக் கூப்பிட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது பெயரை வாசிக்கும்போது என் குரல் எலி மாதிரி வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறாம் லேனைப் பார்த்தாள்.

"அக்கா, வரிசை எப்ப?"

"வரிசை இல்ல."

"அப்ப எங்க நிக்கிறது?"

"ஒரு இடத்திலயும் நிக்கத் தேவையில்ல. நடந்து வந்து குதிச்சாச் சரி."

"ஒருத்தருக்காகவும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லையா?"

"இல்லடி."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே?" என்று கேட்டாள், என்னைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அண்ணா, அவளுக்குத் தண்ணீரில் பயமே இல்லை. நிற்கத்தான் பயம். ஒரு வருடமாக நாங்கள் தண்ணீர்ப் பயம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். எதற்குப் பயம் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற சத்தியநாராயணன் அங்கிளிடம் பூவாளியை நீட்டினாள். "காய விடாதீங்க அங்கிள், கால் சுடும்." அவர் வாங்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றினாள். உள்ளே போன வருடத்து நீச்சல் உடை, இறுக்கமாக. எப்போது போட்டாள் என்று அம்மாவுக்கே தெரியாது. மஞ்சள் தொப்பி அதற்குள்ளேயே செருகியிருந்தது.

விசில் ஊதினேன். ஷிப்லி நேரக் கடிகாரத்தோடு கரையில் அவளுக்குப் பக்கமாகவே நடந்தான். மற்ற ஐந்து பேரும் முடித்து ஏறிவிட்டார்கள். அவள் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்தாள். மறுபடியும் கையை வீசினாள். முழங்கை இன்னும் மடங்கவில்லை, மன்னித்துக்கொள்.

அப்போது மைக்கில் ஒரு குரல். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத குரல்.

"இன்னும் ஐந்து மீற்றர், பிள்ளை... இன்னும் ஐந்து மீற்றர்."

அவள் சுவரைத் தொட்டபோது அங்கிள் ஒரு பக்கத் தாடியோடு சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேடயம் வெள்ளவத்தைக்குத்தான் போனது. போகட்டும், நவம்பரில் வெள்ளம் மட்டும் எங்களுக்கு வந்ததுதானே.

இப்படிக்கு,
குரல் இல்லாத உன்
ரொஷேல்


கொட்டாஞ்சேனை,
ஏப்ரல் 16

அன்புள்ள மகன் கிளின்ரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்தை உன் கடிதங்களிலிருந்து அறிந்து வருகிறேன். ரொஷேல் வாசித்துவிட்டு மேசையில் விட்டுப் போவாள். ஈஸ்டருக்கு நீ எழுதியது நேற்றுக் கிடைத்தது. அதையும் வாசித்தேன்.

பெப்ரவரி மாதம் நீ கேட்ட ஒரு கேள்விக்கு இதுவரை எவரும் பதில் எழுதவில்லை என்று காண்கிறேன். ஐறீன், இருபத்தைந்து மீற்றர், ஐம்பத்தெட்டு செக்கன். நேரம் எடுத்தது ஷிப்லி. நானும் சரிபார்த்தேன்.

அடுத்த வருடப் போட்டியும் காலை ஆறு மணிக்கே. சத்தியநாராயணன் அவர்கள் சம்மதம் தந்துள்ளார். சாக்குப் பொறுப்பையும் தானே எடுப்பதாகச் சொல்கிறார். அன்று உனக்கு விடுமுறை கிடைக்குமா என்று உன் ரெக்டர் அடிகளிடம் கேட்டு வை. கிடைத்தால் பஸ் நிலையத்துக்கு நான் வருவேன்.

குளிருக்கு உதடு வெடிப்பதாக எழுதியிருந்தாய். பூசுவதற்கு மருந்தும் ஒரு கம்பளிச் சட்டையும் தனியாக அனுப்புகிறேன். அளவு பிழையானால் தெரிவிக்கவும்.

அன்பு அப்பா,
சவுந்தரநாயகம்

அண்ணா நான் கடைசியா வந்தனான். ஆனா எங்கயும் நிக்கேல்ல. நடுவில கயித்தப் பிடிச்சது கணக்கில்ல எண்டு ஷிப்லி நானா சொன்னவர். ஐறீன்.

பி.கு: அண்ணா, உறையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டி எழுதாதே. இந்த முறை "மேதகு ஆயர் கிளின்ரன் ஆண்டகை அவர்கள்" என்று எழுதியது நானில்லை. சத்தியமாக நானில்லை. கையெழுத்தைப் பார், உனக்கே தெரியும். ரொஷேல்.